கெதியா என்பதற்குப் போர்த்துக்கேயச் சொல்

சித்தப்பா போர்த்துக்கல்லில் இருந்து மகளைக் கூட்டிக்கொண்டு மண்டூருக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது; அவளுக்கு ஏழு. சித்தப்பா அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்தார். அந்த நாட்டுப் பெண்ணையே கலியாணம் முடித்து, ஒரு வருடத்துக்கு முன்தான் அவரை நோயில் பறிகொடுத்திருந்தார். தாயில்லாப் பிள்ளை என்று வந்தவர் போனவர் எல்லாரும் தங்கச்சியின் தலையைத் தடவினார்கள். அவள் ஒருவரோடும் ஒரு சொல்லும் பேசவில்லை.

"அவளுக்குத் தமிழ் தெரியாது புள்ள, அதான்" என்றார் அம்மா.

எனக்கு அந்தக் காரணம் போதுமாக இருந்தது. அவளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் நான் அவளுடைய பாஷையைப் படித்துவிட்டால் ஆயிற்று. நாலைந்து நாளில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு திரியும் பொறுப்பு என்னுடையது. அதில் ஒரே தொல்லை, அவளுடைய நடை. வழியில் ஒரு நத்தையைக் கண்டால் அது வீதியைக் கடந்து முடிக்கும்வரை நிற்பாள். வாவிக்கரையில் ஒரு கொக்கு நின்றால் அது பறந்து போகும்வரை எங்களுக்கும் வேறு வேலையில்லை. கோயில் பூசை முடிந்து சனம் திரும்பி வரும்போதுதான் நாங்கள் போய்ச் சேருவோம். "கெதியா வா, கெதியா வா" என்று கத்தி என் தொண்டை வறண்டுபோனது. முதலில் எந்தச் சொல்லைப் படிப்பது என்று நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

கைத்தொலைபேசி அண்ணனிடம் இருந்தது. அவன் உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தான்.

"தமிழில போட்டா கண்டபடி காட்டும். இங்கிலீசில போடோணும்" என்றான்.

"கெதியா எண்டதுக்கு இங்கிலீசில என்ன?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். அடுத்த வாரம் அவனுக்குப் பௌதிகவியல் சோதனை. வேகம் கூடிக்கொண்டு போனால் அது ஆர்முடுகல்; அதற்கான ஆங்கில வினைச்சொல் அக்சலரேட். அதையே தட்டிவிட்டான். தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "அசெலரார்" என்றது. அப்பியாசக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதி, கிணற்றடியைச் சுற்றிச் சுற்றிப் பாடமாக்கினேன்.

அன்று பின்னேரமே வாவிக்கரை வீதியில் தங்கச்சியைப் பார்த்து, "அசெலரார்!" என்றேன். அவள் நின்றாள். முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். பிறகு முன்னையிலும் மெதுவாக நடந்தாள்.

என் உச்சரிப்புத்தான் பிழை என்று நினைத்தேன். அதனால் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொன்னேன். இழுத்துச் சொன்னேன், வெட்டிச் சொன்னேன், பாட்டாகவும் பாடிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த நெற்றி சுருங்கியதே தவிர கால் வேகமாகவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா எங்கள் எல்லாரையும் வட்டைக்குக் கூட்டிப்போனார். கதிர் முற்றி வயல்வெளி முழுக்க மஞ்சளாகக் கிடந்தது. அப்பாவும் சித்தப்பாவும் காவல் குடிலில் இருந்து கதைத்தார்கள். நான் என் சின்னச் சைக்கிளில் தங்கச்சியை ஏற்றி, பின்னால் பிடித்துக்கொண்டு, மண் வீதியில் ஓடப் பழக்கினேன். மூன்றாம் தடவை திரும்பி வரும்போது அவள் தனியாகவே ஓடினாள். நான் கையை விட்டுப் பின்னால் நடந்தேன். குடில் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.

பின்பக்கம் பற்றைக்காட்டில் கம்புகள் முறியும் சத்தம் கேட்டது. திரும்பினேன். தனியன் யானை ஒன்று வீதியில் ஏறி நின்றது. எங்களுக்கும் அதற்கும் இடையில் நாலு தென்னை தூரம்கூட இருக்காது.

தங்கச்சி அதைக் காணவில்லை. வழக்கம்போல ஆடி அசைந்து மிதித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தமிழே மறந்துபோயிற்று. வாயில் வந்தது அந்தச் சொல் ஒன்றுதான்.

"அசெலரார்! அசெலரார்!"

அவள் பிறேக்கைப் பிடித்தாள். ஒரு காலை நிலத்தில் ஊன்றினாள். பொறுமை முடிந்துபோன ஒரு ரீச்சரின் முகத்தோடு என் பக்கம் திரும்பி, தெளிவான குரலில் சொன்னாள்:

"அசெலரார் இல்லை... அசெலேரா!"

இல்லை என்பதை அவள் தன் பாஷையில்தான் சொன்னாள். எனக்கு விளங்கியது. அத்தனை நாளும் நான் அவளைப் பார்த்து "விரைதல், விரைதல்" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அகராதிக்காரர் வினைச்சொல்லைப் படுக்க வைத்துத்தான் காட்டுவார்கள். அதை எழுப்பி நிற்க வைக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அதற்குள் அவள் கண் என் தோளுக்கு மேலால் போனது. பிறகு அவள் மிதித்த மிதியை நான் சொல்லி முடியாது. சைக்கிள் முன்னால் பறந்தது. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். அவளோ திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து, "அசெலேரா! அசெலேரா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனாள். யானை எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்கு வேண்டியிருந்தது நெல்.

அப்பா யானைவெடியோடு எங்களைத் தாண்டி ஓடினார். சித்தப்பா ஓடி வந்தவர், பாதி வழியில் வரம்பிலேயே குந்திவிட்டார். தங்கச்சி சைக்கிளைப் போட்டுவிட்டு அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் ஏதேதோ சொன்னாள். பாதி என்னைப் பற்றிய முறைப்பாடாகத்தான் இருக்கும், என்னைச் சுட்டிச் சுட்டிக் காட்டினாள். சித்தப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். வெளிநாட்டில் இருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் யானைக்கு இப்படி அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அந்தக் கதையை நடித்தே காட்டினேன். என் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்து, "யானைக்குப் பயந்தீங்களாமே?" என்று அவரிடமே கேட்டுச் சிரித்தார்கள். தங்கச்சி அவருடைய மடியில் இருந்தபடி தன் பாஷையில் ஓயாமல் அலட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓம் மக்காள்" என்றார் சித்தப்பா. "சரியாப் பயந்துதான் போயிருந்தன்."

தாய் போன நாளில் இருந்து அவள் எந்தப் பாஷையிலும் வாய் திறக்கவில்லை என்பதும், வைத்தியர்களிடம் காட்டிக் காட்டி அலுத்துத்தான் அவளை எங்களிடம் கொண்டுவந்தார் என்பதும் அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தபோது நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பா உண்மையை ஒத்துக்கொண்டுவிட்டார் என்பதுதான். யானை போய் இரண்டு நாள் ஆன பிறகும் அவர் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.