துண்டுவயர்க்காரரும் காணாமற்போன பேஸும்

துண்டுவயர்க்காரருக்கு வாய்த்தது சாதாரணக் காது அல்ல. நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டில் ஸ்விட்சுக்குள் கம்பி தளர்ந்து பொரிகிற சத்தம், இங்கே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கேட்டுவிடும். சரி, நான்கு தெரு கொஞ்சம் அதிகம்தான். இரண்டைக் கழித்துக்கொள்ளலாம். இன்னும் நெருக்கிக் கேட்டால், பக்கத்து அறை. அதற்குக் கீழே ஓர் அடிகூட இறங்குவதற்கில்லை.

முப்பத்தொரு வருடங்களாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் டெஸ்டர் இருக்கும். ஒருமுறை வங்கியில் அந்த டெஸ்டரை எடுத்துக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "மை தீர்ந்துபோச்சு போல" என்று அங்கிருந்த பெண்ணிடமே திருப்பி நீட்டியவர். வேலை முடிந்த இடத்தில் ஒரு சாண் வயர் மிஞ்சினாலும் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அதனால் வந்த பெயர்தான் துண்டுவயர்க்காரர். தொழிலில் இருந்த யாரோ கேலியாக வைத்தது. அவர் பட்டம் போல ஏற்றுக்கொண்டார்.

அவருடைய வீடே மிச்சங்களால் ஆனது. ஏழு கட்டடங்களில் மிஞ்சிய ஏழு வகை ஸ்விட்சுகள் சுவர்களில் குடியிருந்தன. வயர் எட்டிய இடத்தில்தான் ஸ்விட்ச் என்பதால் சமையலறை விளக்கைக் குளியலறை வாசலில்தான் போடவேண்டும். "எங்க வீட்டுல தேடாம லைட் போட்டா சொந்தக்காரங்க, தேடினா விருந்தாளி" என்பாள் அவர் மனைவி. அவள் தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் அவளுடைய மெஷின். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசக்கூடியவள்.

வீடு மாறிப்போன ஒரு வாடிக்கையாளர், தூக்கிப்போக அலுத்துப்போய், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் ஓர் ஆம்ப்ளிஃபயரையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அன்று மாலையே மனிதர் காலிங்பெல்லுக்கு இழுத்து மிஞ்சிய வயரைக் கொண்டு இணைப்புக் கொடுத்துவிட்டார். தலைமுடியைவிடச் சற்றே தடிமனான வயர். அது அலமாரியிலிருந்து கிளம்பித் திரைச்சீலைக்குப் பின்னால் பதுங்கி, கதவு நிலையின் மேல் ஏறி இறங்கி, வலதுபக்கப் பெட்டியைப் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் சிவப்பில் ஒரு வாய், கறுப்பில் ஒரு வாய். ஸ்விட்சுக்கு எந்தக் கம்பி போகவேண்டும் என்பதில் மனிதர் படு கறார். ஆனால் பல்பு அப்படி இல்லை; இரண்டு கம்பியில் எதை எங்கே முடுக்கினாலும் எரியும். ஸ்பீக்கரும் அவர் கணக்கில் பாடுகிற பல்புதான். கைக்கு வந்தபடி முடுக்கினார். பாடியது. பாடிவிட்டால் வேலை முடிந்தது.

அந்தப் பாட்டில் குறை கண்டவர் ஒரே ஒருவர்தான்: மனைவியின் அண்ணன், பஸ் ஓட்டுகிறவர்.

"என்ன மாப்பிள்ளை, தகர டப்பாக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி இருக்கு?"

"அதுக்குப் பேரு தெளிவு, மச்சான். நாள் பூரா இன்ஜின் பக்கத்துல உக்கார்ற காதுக்கு அது எப்படிப் பிடிபடும்? எனக்கு அடுத்த ரூம்ல ஒரு கம்பி தளர்ந்தாலே கேட்டுடும். என் காதுல குத்தம் சொல்லாதீங்க."

மச்சான் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். தங்கை வீட்டுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கர் என்ன பெரிய விஷயம்?

அவர்களுக்கு ஒரே மகள். கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை; தோழிகளோடு வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தாள். விடுமுறைக்கு விடுமுறை வீட்டுக்கு வருவாள், முதுகில் அவள் உயரத்துக்கு ஒரு கிட்டாரைச் சுமந்துகொண்டு. நாலு தடித்த கம்பிகளில் அடித்தொனியை மட்டும் எழுப்பும் பேஸ் கிட்டார். சாயங்காலங்களில் ஐந்து பேராகச் சேர்ந்து வாசிப்பார்கள். அப்பாவுக்கு அந்த வாத்தியம் ஒரு புதிர். தனியாகக் கேட்டால் தூரத்தில் யாரோ பீரோ நகர்த்துவதுபோல இருக்கும். ஆனாலும் மகள் வாசிக்கிறாள் என்பதால் அதன் உறையில் ஒரு தூசு இருக்க விடமாட்டார்.

ஐவரும் சேர்ந்து முதன்முதலாக இரண்டு பாட்டுகளைப் பதிவு செய்திருந்தார்கள். அந்த விடுமுறைக்கு மகள் வந்து செருப்பைக் கழற்றியவுடனே, "அப்பா, உங்க பெட்டியில போடலாம். நீங்கதான் முதல்ல கேக்கணும்" என்றாள்.

மனிதருக்கு நெஞ்சு இரண்டங்குலம் அகன்றது. மச்சானை நடுநாற்காலியில் உட்காரவைத்து, தான் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு ஓடியது. பாடுகிற பெண்ணின் மூச்சு கேட்டது. தாளக்காரனின் பித்தளைத் தட்டு சிணுங்கியது. மற்ற இரண்டு கிட்டார்க்காரர்களும் கம்பிமேல் விரலை இழுத்தது கேட்டது. பாட்டு முடிந்தது.

"எல்லாரும் ஆஜர்" என்றார் மச்சான். "நீ எங்க கண்ணு? குரூப் போட்டோவுல பின்வரிசையில குனிஞ்சுட்டியா?"

"முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இருக்கேன் மாமா. இந்தப் பெட்டிக்குத்தான் சொல்லத் தெரியல."

இந்த இடத்தில் பேசாமல் ஒரு மடக்கு டீ குடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனிதர் பெட்டிக்கு வக்காலத்து வாங்கினார்.

"என் பெட்டியில கேக்கலைன்னா அது பாட்டுல இல்லைன்னு அர்த்தம்மா. நீ அடக்கமா வாசிச்சிருக்க. அதுவும் நல்லதுதான்."

பாராட்டத்தான் நினைத்தார். மகள் போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு பாட்டு இருக்குன்னியே?" என்றாள் அம்மா.

"அது இருக்கட்டும்மா."

அதற்கடுத்த விடுமுறைக்கு மகள் வந்தாள், கிட்டார் வரவில்லை. அதற்கும் அடுத்த விடுமுறைக்கும் அப்படியே. நன்றாகத்தான் பேசினாள். எந்த முகத்துக்கு எந்தக் கண்ணாடிச் சட்டம் பொருந்தும், கடையில் யார் யார் சண்டை, எல்லாம். அவள் போனபின் அப்பா கூடத்து மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டார் சாய்த்து வைக்கும் மூலை.

"பேசிக்கிட்டுத்தானே இருந்தா?" என்றாள் மனைவி, பாவாடைக்கு ஓரம் மடித்தபடி.

"கண்ணாடியைப் பத்திப் பேசினா. பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எங்கிட்ட இனிமே போட்டுக் காட்ட மாட்டா."

"நீங்கதான் இல்லைன்னு தீர்ப்பு சொல்லிட்டீங்களே. இல்லாததை எப்படிப் போட்டுக் காட்டுவா?" குண்டூசியை எடுத்துவிட்டுத்தான் இதைச் சொன்னாள். முக்கியமானதைச் சொல்லும்போது மட்டும் அவள் அப்படிச் செய்வாள்.

மறுநாள் அவருடைய வேலைப்பையில், ஸ்க்ரூடிரைவருக்கும் டேப்புக்கும் நடுவில், மனைவியின் இயர்போன் இருந்தது. மகளிடமிருந்து பாட்டையும் வாங்கி அவருடைய போனில் ஏற்றியிருந்தாள்.

ஆள் குடிவராத ஒரு ஃப்ளாட். கூரையில் மின்விசிறிக்குக் கொக்கி மாட்ட ஏணிமேல் ஏறியவர், உச்சிப்படியில் உட்கார்ந்து இயர்போனைக் காதில் செருகினார். பாட்டு தொடங்கியது. அதே பெண், அதே தட்டு. ஆனால் இப்போது அவர்கள் எல்லோருக்கும் அடியில் யாரோ வெறுங்காலோடு நடந்து வந்தார்கள். அவசரமில்லாத நடை. பாடுகிறவள் திரும்பினால் அதற்கு ஓர் அடி முன்னால் திரும்பி வழிவிடும் நடை. ஓரிடத்தில் அது சட்டென்று நின்றபோது ஏணியே ஒரு படி கீழிறங்கியதுபோல இருந்தது அவருக்கு. சின்ன வயதில் அவள் மாடிப்படி இறங்குவதும் இப்படித்தான். கடைசிப் படியில் நின்று, யோசித்து, பிறகு குதிப்பாள்.

மூன்று முறை கேட்டார். அந்த ஃப்ளாட்டின் சொந்தக்கார அம்மா வந்து நிமிர்ந்து பார்த்துப் பதறிவிட்டாள்.

"என்னங்க, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு? ஷாக் அடிச்சிருச்சா?"

"ஆமாம்மா. லேசா."

ஆக, மகள் பாட்டில் இருக்கிறாள். தன் பெட்டிதான் அவளை விழுங்கிவிட்டது. அடுத்த விடுமுறைக்குள் அதன் வாயிலிருந்து அவளை மீட்டுவிட வேண்டும். ஐந்தே நாள்.

முதல் சந்தேகம் வயர்மேல். காலிங்பெல் வயர் அவ்வளவு தூரம் ஓடினால் பாதி பலம் வழியிலேயே போய்விடும். இது அவர் தொழில் அறிந்த விஷயம். மிச்ச மூட்டையைக் கொட்டி, தடித்த இரட்டை வயர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். இரண்டில் ஒன்றின் முதுகில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடும் வயர். இரண்டு பெட்டிக்கும் அதையே பழைய பாதையில் இழுத்து, அதே மாதிரி கைக்கு வந்தபடி முடுக்கினார். பாடவிட்டார். குரல் ஒரு நாற்காலி முன்னால் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். வெறுங்கால் நடை வரவில்லை.

ஸ்பீக்கர் கடைக்குப் போனார். கடைக்காரர் வெல்வெட் விரித்த ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டைவிரல் தடிமனில் பின்னல் போட்ட கேபிள், மினுமினுவென்று பொன்னிற முனைகளோடு, கல்யாணப்பெண் மாதிரி படுத்திருந்தது.

"இதைப் போட்டீங்கன்னா சார், பேஸ் அப்படியே தரையில உருளும்."

"உள்ள என்ன, செம்புதானே?"

"செம்புதான். ஆனா இது வேற செம்பு."

"முப்பத்தொரு வருஷமா செம்பைத் தொடுறேன், தம்பி. வேற செம்பு இன்னும் கையில சிக்கல" என்று சொல்லிவிட்டு மிடுக்காக வெளியே வந்தார். தெருமுனை வரைக்கும் நடந்தார். அங்கே பஸ் ஒன்று அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு நின்றது. மகள் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

விடுமுறை நாள் விடிந்தது. ஏணியைத் திரைச்சீலையோரம் சாய்த்ததுதான் தாமதம், மேல்மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கட்டடமே அவர் வாசலில் நின்றது. வெல்வெட் பெட்டியை மனைவி கையில் கொடுத்தார்.

"பழைய வயரைக் கழட்டிட்டு இதை மாட்டிடு. எந்த முனை எந்த வாய்னு மண்டையை உடைச்சுக்காத. எப்படிப் போட்டாலும் பாடும்."

"எப்படிப் போட்டாலுமா?" என்றாள் அவள், குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

அவர் அதற்குள் படியேறிவிட்டார்.

மோட்டார் லேசில் மசியவில்லை. முழங்கைவரை கறுப்பாகி அவர் இறங்கி வந்தபோது மச்சான் நடுநாற்காலியில் இருந்தார். மகளும் வந்திருந்தாள். கையில் போன் இல்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தாள்.

மனிதர் கையைக்கூடக் கழுவவில்லை.

"ஏணிமேல உக்காந்து கேட்டேன்மா" என்றார். "மூணு தடவை. நீ முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இருக்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். இந்தப் பெட்டி இன்னைக்கும் சொல்லலைன்னா ரெண்டையும் தூக்கிக் கடாசிடறேன். ஒரே ஒரு தடவை போடு."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஓரம் மடிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

பாட்டு தொடங்கியது. நாலாவது விநாடியில் ஜன்னல் கண்ணாடி மெல்ல உதறியது. தையல் மெஷின்மேல் இருந்த பொத்தான் டப்பா சலசலத்தது. வெறுங்கால் நடை கூடத்துக்குள் வந்து, மச்சானின் நாற்காலியைச் சுற்றி, துண்டுவயர்க்காரரின் கால் கட்டைவிரலில் ஏறியது. மச்சானின் வலதுகால் தானாக ஆக்ஸிலரேட்டர் மிதித்துக்கொண்டிருந்தது. ஏணிமேல் கேட்ட அதே இடத்தில் நடை நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். பிறகு குதித்தது.

பாட்டு முடிந்ததும் மகள் அப்பாவின் கறுப்புக் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். கேட்காமலே இரண்டாவது பாட்டையும் போட்டாள்.

அதுவும் முடிந்தபின்தான் மச்சான் வாயைத் திறந்தார். "மாப்பிள்ளை! பஸ்ஸைக் கூடத்துக்குள்ளயே கொண்டுவந்துட்டீங்களே. என்ன செஞ்சீங்க?"

மனிதரைக் கையில் பிடிக்க முடியுமா?

"எல்லாம் கேபிள், மச்சான். இது வேற செம்பு. லேசில கிடைக்காது. சாதாரண ஆளு கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அடுத்த ரூம்ல கம்பி தளர்ந்தாலே கேக்குற காது, இதை விடுமா? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, கோளாறு வயர்லதான்னு. கட்டைவிரல் தடிமன், பொன் முனை..."

"எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க."

"வாங்கிடலாம். ஆனா மாட்டுறதுக்கு விஷயம் தெரிஞ்ச ஆளு வேணும்."

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். நாலையும். பிறகு குனிந்து மெஷினுக்கு அடியிலிருந்து வெல்வெட் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். கடையில் ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை.

"இதை நான் பிரிக்கவே இல்ல. நாளைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துடுங்க. பாடுறது உங்க துண்டு வயர்தான்" என்றாள். "கழட்டலாம்னு பின்னால பாத்தேன். இடது பெட்டியில கோடு போட்ட கம்பி சிவப்பு வாயில இருக்கு, வலது பெட்டியில கறுப்பு வாயில இருக்கு. ஒரு கையை நல்ல பக்கமும் இன்னொரு கையை உள் பக்கமுமா வச்சுத் தைச்ச சட்டை மாதிரி. வலதைப் பிரிச்சு மாத்திப் போட்டேன். ரெண்டு நிமிஷம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா! ஒரு பெட்டி தள்ளும்போது இன்னொண்ணு இழுத்திருக்கு. சின்ன சத்தமெல்லாம் எப்படியோ தப்பிச்சு வந்துடும். பேஸ் மட்டும் ஒண்ணை ஒண்ணு தின்னு தீர்த்துடும். அதான் நான் காணாமப் போயிட்டேன்."

"காலிங்பெல் வயர் மெலிசா இருந்ததும் உண்மைதானே?" என்றார் துண்டுவயர்க்காரர், ஈனசுரத்தில். "அதை மாத்தினப்ப குரல் கொஞ்சம் கிட்ட வந்துச்சு."

"வந்துச்சு. அதை யாரும் இல்லைங்கல" என்றாள் மனைவி. பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்துத் திரும்பினாள். "ஆனா அந்தக் காதுக் கதையை மட்டும் நம்பாதீங்க அண்ணா. அடுத்த ரூம் எல்லாம் இல்ல. அந்தப் பெட்டி ரெண்டு வருஷமா இதே ரூம்லதான் இருக்கு."