ஜன்னலில் வந்த மலை

ஜெசிந்தா இலங்கை மலையகத்தில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். பதுளையில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டே ஓவியம் பழகினாள். பிறகு கண்டிக்குப் போய் ஒரு பட்டறையில் வண்ணக் கண்ணாடி வேலை கற்றாள். அவள் அங்கே இருந்தபோதுதான் மலை சரிந்து லயத்தை மூடியது. அவளுடைய அம்மாவும் அதில் போய்விட்டாள். அதன்பின் ஜெசிந்தா மலையை வரைந்ததே இல்லை.

பிழைத்தவர்களின் புதுக் குடியிருப்பில் ஒரு சிறு தேவாலயம் கட்டினார்கள். பீடத்துக்குப் பின்னால் வரும் ஜன்னலை அவளிடம் ஒப்படைத்தார்கள். மாதாவையும் தேயிலைச் செடிகளையும் தாளில் வரைந்து, மேலே வெறும் வானத்தை விட்டாள். அதைப் பார்க்க லூர்தம்மா வந்தாள். அதே சரிவில் மகனைப் பறிகொடுத்தவள் அவள். தாளில் அந்த வெறும் வானத்தின் மேல் விரலை வைத்தாள்.

"மலை எங்க புள்ள?"

"அத பாத்தா உங்களுக்கெல்லாம் தாங்காதுன்னு விட்டுட்டேன்க்கா."

"எம் மவன் அங்கதான இருக்கான். அதையும் எடுத்துட்டா நான் எங்க பாத்து வேண்டிக்கிறது?"

ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் தாளில் மலையை வரைந்து, அதற்குப் பச்சைக் கண்ணாடியை வெட்டத் தொடங்கினாள். துண்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈயப்பட்டியில் ஒவ்வொன்றாகப் பொருத்தி முடித்தாள்.

திறப்பு நாளன்று காலை வெயிலில் மலையின் பச்சை பெண்களின் சேலைகளில் விழுந்தது. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. லூர்தம்மா முன்வரிசையில் நின்று சத்தமாகப் பாடினாள். பூசை முடிந்து வெளியே வந்த ஜெசிந்தாவுக்கு நன்றாகப் பசித்தது. பந்தலில் போட்ட சோற்றை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.