முனையில் வைத்த சந்தனம்

எனக்கு வாங்கித் தந்த நகையைவிட என் வீட்டுக்காரர் தன் துப்பாக்கிக்கு வாங்கிப் போட்டது அதிகம். இதைச் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் அதுதான் உண்மை. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கைத்துப்பாக்கி அது. சின்னத் தோட்டா போட்டுச் சுடுவது. காகித அட்டையைத் தவிர வேறு எதையும் அது சுட்டதில்லை. முதலில் அதற்குப் புதுக் கைப்பிடி வந்தது. பிறகு குறி பார்க்க, சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடி வந்தது. போன வருஷம் நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால், அவர் சுடப் போகும் துப்பாக்கி கிளப் வழியாக முறையாக எழுதிக் கேட்டு, குழாய் முனையில் திருகி மாட்டும் சாமான் ஒன்றும் வந்து சேர்ந்தது.

காம்பன்சேட்டர் என்று பெயராம். என் சுண்டு விரல் நீளத்துக்குக் கறுப்பு இரும்பு. முன்னால் குண்டு போக ஓட்டை, மேல்பக்கம் கீறல் கீறலாகத் திறப்புகள். சுடும்போது கிளம்பும் காற்று அந்தத் திறப்புகள் வழியாக மேலே சீறிப் போவதால் துப்பாக்கி மூக்கைத் தூக்காமல் நிற்குமாம். "இந்தக் குட்டித் துப்பாக்கி அப்படி இன்னா குதிச்சிடப் போவுது?" என்று கேட்டேன். அவர் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு "சைலன்சரா?" என்று கேட்டார்கள். சைலன்சர் வைத்திருந்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள், இது வேறு என்று ஒவ்வொருவருக்கும் அவர் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். எனக்கு அந்தப் பாடம் மனப்பாடம்.

அவருக்கு வேலை கம்ப்யூட்டரில் பட்டுச் சேலைக்குப் பார்டர் வரைவது. அன்னத்தையும் யாளியையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஜக்கார்டு தறிக்கு ஏற்ற மாதிரி போட்டுக் கொடுப்பார். நாளெல்லாம் கட்டத்தையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறது, கிளப்புக்குப் போய் ஒரே ஒரு புள்ளியைப் பார்த்தால் மனசு அடங்குகிறது என்பார். இருக்கட்டும். நான் வீட்டிலிருந்தே ஃபோனில் சேலை காட்டி விற்று, பார்சல் கட்டி அனுப்புகிறேன். எங்களோடு அவருடைய அக்கா இருக்கிறார். கணவர் தவறிய பிறகு எங்களிடம் வந்துவிட்டவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணி பேசுவார். சமைக்கும்போது பேசுவார், சாப்பிடும்போது பேசுவார், டீவியில் செய்தி வாசிப்பவர் வாயை மூடுவதற்குள் அவருக்கே பதில் சொல்வார். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் தறிக்கூடத்திலேயே இருந்தவர். பத்துத் தறி ஒன்றாக அடிக்கும் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. அடுத்த தெருவில் வருகிற காய்கறி வண்டியை எங்கள் வாசலில் இருந்தே நிறுத்திவிடுவார். இத்தனை வருஷத்தில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வித்தை கற்றுக்கொண்டிருந்தோம். "ம்" மட்டும் சரியான இடத்தில் சொல்லிக்கொண்டு, காதை வேறு வேலைக்கு விட்டுவிடுவோம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என் வீட்டுக்காரர் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டுத் துடைத்தார். குழாய்க்குள் கம்பி விட்டு, எண்ணெய்த் துணி விட்டு, வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். குழாய்க்குள் துணித் துண்டு சிக்கியிருந்தால்கூடக் குண்டு வெளியே போகாமல் குழாயே வெடித்துவிடும் என்பதும் என் பாடத்தில் உண்டு. அப்படி வெடித்து இரண்டு விரல் போன ஒருவரைத் தனக்குத் தெரியும் என்பார். பூஜையன்று காலையில் புதுச் சாமானைத் திருகி மாட்டி, தோட்டாக்களைப் பீரோவிலேயே வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கியைச் சாமி முன்னால் வைத்தார். பக்கத்தில் கத்தரிக்கோல், அவருடைய லேப்டாப், என் ஃபோன், தையல் மிஷின், மிக்சி, அரிவாள்மணை. பொட்டு வைப்பது ஒவ்வொரு வருஷமும் அண்ணியின் வேலை. கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து, பொட்டை அழிக்காமல் முதல் வேலை செய்ய வேண்டும். அவரும் அப்படித்தான் செய்தார். குளித்துவிட்டு வந்து துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டிக்குள் வைத்தார். சுத்தம் செய்த துப்பாக்கி, சாமியிடம் இருந்த துப்பாக்கி. அதை யார் மறுபடி பிரித்துப் பார்ப்பார்கள்? முதல் குண்டு புதுச் சாமான் வழியாகப் பொட்டோடு போக வேண்டும் என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அவர் கிளப்புக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அண்ணி வாசல் வரைக்கும் பின்னாலேயே போனார்.

"தம்பி, அந்த முனைல இன்னா ஆச்சின்னா…"

"வந்து கேக்கறேன்கா, நேரமாவுது."

கார் கிளம்பிப் போய்விட்டது.

நான் பார்சலுக்கு உட்கார்ந்தேன். அண்ணி எதிரில் உட்கார்ந்து சேலைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே பேசினார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்த கதை. நான் "ம்" போட்டேன். கோயிலில் பிரசாத வரிசையில் யாரோ முந்திய கதை. "ம்."

"எல்லா சாமானுக்கும் வச்ச பொட்டு காஞ்சி உதுந்துடுச்சிமா. தம்பி துப்பாக்கிக்கு மட்டும் உதுரல. ஏன் சொல்லு?"

"ம்."

"முனைல புச்சா ஒண்ணு மாட்டிக்கினு இருக்குதே, ஓட்ட ஓட்டயா. பொட்டு வச்சா உள்ள பூந்துக்கினே போவுது. சாமிகிட்ட இருக்கற சாமான் வாயப் பொளந்துக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்? கிண்ணத்துல இருந்தத வழிச்சி உள்ள வச்சி, விரலால அமுக்கி அமுக்கி, மேல மட்டமா தடவி, நடுவுல குங்குமம் வச்சேன். மூடி போட்டாப்ல ஜம்முனு உக்காந்துக்கிச்சி."

என் கையில் இருந்த செல்லோடேப் அப்படியே நின்றது.

"எங்க அமுக்குனீங்க அண்ணி? மேலயா, முன்னாடியா?"

"எல்லா ஓட்டயிலயும்தான்மா."

ஒரு ராத்திரி முழுக்கக் காய்ந்த சந்தனம். அதற்குப் பின்னால் குண்டு. அதற்குப் பின்னால் அவர் கை, அவர் முகம். ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிளப்பில் ஃபோனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவருடைய கிளப் நண்பருக்குப் போட்டேன். அவரும் எடுக்கவில்லை. அவர் ஃபோனும் அதே பெட்டியில்தான் கிடந்திருக்கும்.

"அது வெடிச்சிடும் அண்ணி," என்றேன்.

அண்ணி முகம் செத்துப் போனது. நான் வண்டிச் சாவியை எடுப்பதற்குள் அவர் வாசலில் நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமில்லை. ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார்.

கிளப் இருப்பது வாலாஜாபாத் தாண்டி, தென்னேரி ஏரிப் பக்கம். ஆயுத பூஜைக்கு மறுநாள் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கடை முன்னாலும் ஒவ்வொரு ஒர்க்‌ஷாப் முன்னாலும் உடைத்த பூசணிக்காய் சிதறிக் கிடக்கும். டயர் அதில் ஏறினால் சோப்பில் ஏறின மாதிரிதான். வாழைக்கன்று கட்டிய லாரிகள் பக்கத்தில் உரசிக்கொண்டு போயின. ஒரு மெக்கானிக் கடை முன்னால் வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் போய், நான் காலை ஊன்றி நிமிர்த்தினேன். பின்னால் வந்த பஸ்காரன் கத்திவிட்டுப் போனான். வேறு நாளாக இருந்தால் அண்ணி அவனை வாலாஜாபாத் வரை திட்டியிருப்பார். அன்றைக்கு அவர் கை மட்டும் என் இடுப்பை இறுக்கிக்கொண்டே வந்தது.

எனக்கு யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அந்த இரும்புச் சாமான் மேல் இருந்தது. அதை வாங்கிய மனுஷன் மேல் இருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் மேலும் இருந்தது. எல்லாவற்றையும்விட பயம்தான் அதிகம். மௌசைப் பிடித்து அன்னம் வரைகிற அந்த வலது கை கண் முன்னால் வந்து வந்து போனது. கிளப்பிலும் இன்றைக்குத் தேங்காய் உடைத்துப் பொங்கல் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள், பொங்கல் இன்னும் வேகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன்.

மண் ரோட்டில் திரும்பியதும் சத்தம் கேட்டது. டப், டப் என்று பட்டாசு மாதிரி. சிவப்புக் கொடி மேலே ஏறியிருந்தது. இரும்புக் கேட் பூட்டியிருந்தது.

"உள்ள பயரிங் நடக்குதுமா. கொடி எறங்குனாத்தான் தெறப்பேன்," என்றார் காவலாளி.

"எங்க வீட்டுக்காரர் துப்பாக்கி அடைச்சிக்கினு இருக்குது. சுட்டா வெடிச்சிடும், தெறங்க!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவியை இடுப்பில் தேட ஆரம்பித்தார். கேட் கம்பி வழியாகத் தகரக் கொட்டகை தெரிந்தது. வரிசையாக முதுகுகள். எல்லோர் காதிலும் சத்தத்தை அடைக்கும் பெரிய மூடி. ஓரத்தில் நீலத் தொப்பி, என் வீட்டுக்காரர். மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருக்க, அவர் நிதானமாகத் தோட்டாக்களைப் போட்டுத் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். முதல் குண்டுக்கு அவசரப்பட மாட்டார்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆபத்து என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் "ஸ்டாப்" சொல்லலாம். சொன்னவர் யார் என்றுகூடப் பார்க்காமல் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். அவர் பெருமையாகச் சொல்லிய சட்டம்தான். நான் "ஸ்டாப்!" என்று கத்தினேன். வண்டியை விரட்டி வந்த இரைப்பில் அது கேட்டைக்கூடத் தாண்டவில்லை. மறுபடி கத்தினேன். குரல் உடைந்துவிட்டது. நீலத் தொப்பி கையை நீட்டி உயர்த்த ஆரம்பித்தது.

"இன்னாமா சொல்லணும்?" என்றார் அண்ணி.

"ஸ்டாப்புன்னு சொல்லுங்க."

அண்ணி கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஸ்டாஆஆப்! தம்பீஈஈ, ஸ்டாஆஆப்!" பக்கத்தில் நின்ற எனக்குக் காது அடைத்தது. புளியமரத்தில் இருந்த காகங்கள் கிளம்பிப் பறந்தன. வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த மேற்பார்வையாளர் சட்டென்று திரும்பினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விசிலை ஊதி இரண்டு கையையும் மேலே தூக்கினார். எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். நீலத் தொப்பியும் வைத்தது.

கேட் திறந்து நாங்கள் உள்ளே போனபோது என் வீட்டுக்காரர் எங்களை ஒன்றும் புரியாமல் பார்த்தார். நான் சொன்னேன். மேற்பார்வையாளர் தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, முனையில் இருந்த சாமானைத் திருகிக் கழற்றி, வானத்தைப் பார்த்து ஒரு கண்ணில் வைத்தார்.

"வெளிச்சமே தெரியல," என்றார்.

பிறகு மெல்லிய கம்பியால் தள்ளினார். முதலில் அசையவில்லை. அழுத்தித் தள்ளியதும் சந்தனம் மெழுகுவத்தித் துண்டு மாதிரி மொத்தமாக வெளியே வந்து மேஜையில் விழுந்தது. தலையில் குங்குமம் அப்படியே இருந்தது. துப்பாக்கிக் குழாயின் வாயிலும் சந்தனம் ஏறியிருந்தது. வெடிமருந்து வாசனைக்கு நடுவே சந்தனம் மணத்தது.

"வெளிப்பக்கம்தான் தடவி இருக்குதுன்னு நெனச்சேன்," என்றார் என் வீட்டுக்காரர். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தனை பேர் முன்னாலும் திட்டினேன், அழுதுகொண்டே திட்டினேன். அண்ணி கிட்டவே வரவில்லை. கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்று, சந்தனம் குழைத்த அந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு மூன்று பேரும் காரில் திரும்பினோம். அண்ணி பின் சீட்டில். எங்களிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் பேசாமல் ஒரு கார்ப் பயணம் நான் பார்த்ததில்லை. எத்தனையோ நாள் வேண்டிக்கொண்ட அமைதிதான். இப்போது அது தாங்க முடியாததாக இருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"அக்கா, எதனா பேசுக்கா."

அண்ணி இன்னும் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வந்துட்டேனே. காலைல வாசல்ல இன்னாவோ சொல்ல வந்த. இப்ப சொல்லு, கேக்கறேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில் சொன்னார். இவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

"முனைல சந்தனம் ரொம்ப உள்ள போய்டுச்சிப்பா, தொடச்சிட்டு சுடுன்னு சொல்ல வந்தேன்."

என் வீட்டுக்காரர் ஏரிக்கரையில் காரை ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைத்த பிறகும் வலது கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுக்கவில்லை. அந்தக் கையை நான் எட்டிப் பிடித்துக்கொண்டேன்.