சம்பந்தி வீட்டுக் கதிர்வீச்சு

என் மகளுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது எனக்குத் தைராய்டு முற்றிப்போய், சேலத்து மருத்துவமனை ஒன்றில் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர், வேலை முடிந்தது. சில வாரங்களுக்குக் கர்ப்பிணிகளோடும் குழந்தைகளோடும் ஒட்டியிருக்க வேண்டாம் என்றார்கள். ஏற்காட்டில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மிளகும் காபித்தூளும் விற்கிற என் வீட்டுக்காரரை வேறு அறையில் படுக்கச் சொன்னேன். தட்டு, டம்ளர், துண்டு எல்லாம் தனி. மகளைப் பார்க்க மலையிறங்கவே இல்லை.

அயோடின் சொன்னபடி நடந்துகொண்டது. சம்பந்திதான் நடந்துகொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் சேலத்தில் மூன்று மாடி கட்டி, வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் 'இன்ஜினியர்' என்று போட்டுக்கொண்டவர். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அதற்காகக் குளிர் புகாமல் ஒரு அறையை ஒழுங்கு பண்ணி வைத்திருந்தேன். மகளை அழைக்க நாள் பார்த்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க சம்பந்தியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அணுகுண்டு போட்ட ஊர்ல இன்னும் புல்லு மொளைக்கலைங்கறாங்க. புள்ளைய எப்படிங்க உங்க ஊட்டுக்கு அனுப்பறது?"

அந்த ஊரில் மரம் நிற்கிறது, டிராம் ஓடுகிறது, ஜனங்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள் என்றேன். அது ஜப்பான்காரன் கெட்டிக்காரத்தனம் என்றார். இதற்கு மேல் என்ன சொல்ல?

இருந்தாலும் சொன்னேன். வாத்தியார் வேலை பார்த்த வாய் சும்மா இருக்குமா? அந்த அயோடின் அணுவின் கருவில் நியூட்ரான் கொஞ்சம் கூடிப்போயிருக்கும். அந்தச் சுமையோடு அதனால் நிலையாக இருக்க முடியாது. ஒரு எலக்ட்ரானை வெளியே எறியும், கூடவே கொஞ்சம் காமாக் கதிரும் போகும். அதன்பின் அது அயோடினே இல்லை, செனான் என்ற வாயு. அந்த அணுவின் கதை அத்தோடு சரி. எட்டு நாளில் பாதி அணுக்கள் இப்படி ஓய்ந்துவிடும். அடுத்த எட்டு நாளில் மிச்சத்தில் பாதி. வருஷா வருஷம் ஒரு பையன் எழுந்து, "அப்ப பதினாறு நாள்ல மொத்தமும் தீந்துருமுங்க மிஸ்" என்பான். மிச்சத்தில்தான் பாதி என்று சுண்ணாம்புக் கட்டியை எறிவேன். சம்பந்தி அந்தப் பையனைவிடப் பின்தங்கியவர். அவன் தீரும் என்றாவது ஒத்துக்கொண்டான்.

பிரசவத்துக்குள் பாதியின் பாதியின் பாதி என்று மூன்று மாதம் ஓடியிருந்தது. உடம்பு தானாகக் கழித்துவிட்டது வேறு. மருத்துவமனையிலும் இனித் தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள். சம்பந்தி வீட்டில்தான் தடை. பேத்தி சேலத்தில் பிறந்தாள். என்னோடு ஒரே வீட்டில் இருந்து, என் கையால் சாப்பிட்ட வீட்டுக்காரர் மட்டும் போய் அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வந்தார். நான் போனில் பார்த்தேன். அன்றைக்கு அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. இத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட பாடத்தை வைத்து என்னையே வாசலில் நிறுத்துகிறான் ஒருத்தன்.

அடுத்த தீர்ப்பு இன்னும் அழகு.

"நாப்பது கழியட்டுங்க. தாயும் புள்ளையும் தலை குளிச்சதும் நீங்களும் குளிச்சிட்டு வந்து தூக்குங்க. அதுவரைக்கும் வேண்டாம்."

பிள்ளை பெற்றவளுக்கு நாற்பதாம் நாள் குளிப்பாட்டுவது எங்கள் ஜனங்களின் வழக்கம். அதை அணுவுக்கும் நீட்டிவிட்டார். இன்ஜினியர் இல்லையா. அணுக்கரு குளியலறைக் கதவு திறக்கக் காத்திருக்கும் என்று எந்தக் கல்லூரியில் படித்தாரோ.

நாற்பதும் கழிந்தது. அப்போதும் மனசு வரவில்லை. மெஷின் வைத்துக் காட்டினால்தான் ஆச்சு என்றார். சரி, நீங்களும் வாங்க, உங்க கண்ணாலயே பாருங்க என்றேன். மருத்துவமனையில் கதிர்வீச்சு அளக்கும் டெக்னீசியனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கையடக்கக் கருவியைப் போட்டதும் அது அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் என்றது. மண், சுவர், வானம் எல்லாவற்றிலிருந்தும் எப்போதும் வருவது அது, இந்த அறையில் யாரும் இல்லாவிட்டாலும் இவ்வளவு கேட்கும் என்றார். பிறகு என் கழுத்தருகே பிடித்தார். அதே டிக், அதே சோம்பல்.

"சத்தம் ஏறலைங்களே" என்றார் சம்பந்தி. குரலில் ஏமாற்றம். நம்பாமல் கருவியை எட்டிப் பார்க்கக் குனிந்தார்.

கருவி படபடவென்று அலறியது.

டெக்னீசியன் திடுக்கிட்டு அதை என்னிடம் கொண்டுவந்தார், அடங்கியது. சம்பந்தியிடம் கொண்டுபோனார், அலறியது. சட்டைக்குள் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். சம்பந்தி தயங்கித் தயங்கிக் கருப்பு லாக்கெட் ஒன்றை வெளியே எடுத்தார். ஏதோ ஓட்டலில் நடந்த விற்பனைக் கூட்டத்தில் நல்ல விலைக்கு ஜோடியாக வாங்கியதாம். செல்போன் கதிர்வீச்சை இழுத்துக்கொண்டு உடம்புக்குச் சக்தி கொடுக்குமாம்.

"இதுல தோரியம் கலந்த மணல் பொடி இருக்கும் சார். சக்தி லாக்கெட்டுன்னு விக்கறதுல சிலதுல இது இருக்கு" என்றார் டெக்னீசியன்.

அல்லாஹ்வின் மேல் ஆணை, எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க சம்பந்தி, என்னுது எட்டு நாளைக்கொரு தரம் பாதியாச்சு. உங்க தோரியம் பாதியாக எவ்வளவு ஆகும் தெரியுங்களா? இந்தப் பூமிக்கே இன்னும் அவ்வளவு வயசு ஆகலைங்க."

அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் லாக்கெட்டைப் பார்க்கவில்லை, வேறெதையோ நினைக்கிறார் என்று புரிந்ததும் என் சிரிப்பு நின்றது.

"இன்னொண்ணு எங்க?" என்று கேட்டேன்.

"தொட்டில்லங்க. கொழந்தை தலமாட்டுல கட்டியிருக்கு. உங்க கதிர் வந்து பட்டுறக் கூடாதுன்னு."

உடனே பெரிய கெடுதல் வராது, ஆனால் இராப்பகலாகப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள் இல்லை, கழற்றிவிடுங்கள் என்றார் டெக்னீசியன். காரில் நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போனோம்.

மகள் கதவைத் திறந்தாள். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தொட்டிலில் தொங்கிய லாக்கெட்டை அவிழ்த்து, மாடியில் யாரும் புழங்காத மூலையில் ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, கை கழுவி வந்தேன். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தி உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"கொழந்தை மேல ஏறியிருக்குமுங்களா? தொட்டா நமக்கும் வருமா?"

வெளிச்சம் பட்டவன் விளக்காகிவிடுவானா என்று கேட்கத் தோன்றியது. என்னை ஒதுக்கிய அதே அறிவு, இப்போது சொந்தப் பேத்தியைத் தொடப் பயப்படுகிறது. பாவமாகக்கூட இருந்தது, கொஞ்சம்தான்.

"இப்ப புள்ளைய யாருங்க தூக்கறது?" என்றார் மறுபடி.

"நான்தான்" என்று சொல்லிக் குனிந்து அள்ளிக்கொண்டேன்.