எக்ஸ்ரேயை நம்பி முதுகை அமுக்கச் சொன்னேன்

போட்டாதாங் வட்டாரத்தில் எங்கள் கிடங்கைக் காத்த நாய் திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நடந்தது. கால்நடை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் கோளாறு எதுவும் இல்லை.

"இதுல எலும்புதான் தெரியும், அண்ணே. தண்டுவடத்தைப் பாக்க எம்ஆர்ஐ எடுக்கணும். நாய்க்கு அது இந்த ஊர்ல கிடையாது, நாடு தாண்டி பாங்காக்தான் போவணும். இப்போதைக்கு கூண்டுல போட்டு அசையாம வச்சிருங்க," என்றார்.

நான் கேட்கவில்லை. எலும்புதான் நேராக இருக்கிறதே, வெறும் பிடிப்பு என்று நானே முடிவு கட்டினேன். மூட்டை தூக்குகிறவர்களுக்கு முதுகு பிடித்தால் கிடங்கிலேயே ஒருவர் அமுக்கி எடுத்துவிடுவார். அவரைக் கூப்பிட்டேன்.

"மொதலாளி, மனுசன்னா எங்க வலிக்குதுன்னு சொல்லுவான். இது சொல்லாதே," என்று தயங்கினார்.

"டாக்டருக்குப் படிச்சியா நீ? அமுக்கு," என்றேன்.

நாய் ஒருமுறை அலறியது. அதன்பின் அதன் பின்னங்கால்கள் அசையவே இல்லை. சிறுநீர் போவதுகூட அதற்குத் தெரியவில்லை. சில வாரங்களில் செத்தது.

இந்த ஊரில் நாய்க்கு ஒரு எம்ஆர்ஐ உண்டா என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கத்தினேன். டாக்டர் கூண்டில் போடச் சொன்னதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.