ஓரத்து வரிசை மரச்சீனி

பட்டம் பெற்றபின் மண்வெட்டி எடுத்ததற்காக என்னைப் பரிகசித்தவர்கள் உண்டு. வேளாண்மைக்கு அறிவு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டக் காலத்தில், உதியன்குளங்கரைக்குத் தெற்கே என் விளைநிலத்தில் நடந்ததை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

மரச்சீனி என்னும் மரவள்ளி விளையின் ஓரங்களில் கசப்பு இனத்தை நட்டிருந்தேன். அதைக் கடித்துப் பார்த்த பன்றியும் எலியும் உள்ளே வருவதில்லை. உண்ணத்தக்கது நடுவில் நின்றது. இலைக்காம்பின் நிறமும் தண்டில் கணுக்களின் நெருக்கமும் பார்த்துப் பழகாதவனுக்கு இரண்டும் ஒன்றே. கசப்பு இனத்தில் 'கட்டு' என்று நாங்கள் சொல்லும் நஞ்சு உண்டு. மழை பொய்த்தால் அது கூடும். அவ்வாண்டு மழை பொய்த்திருந்தது.

போராட்டத்தை அடக்க வந்து முகாமிட்டிருந்த போலீசார் ஒரு காலையில் சாலையோரத்துச் செடிகளை மூட்டோடு பிடுங்கினர். பானையை மூடி அவித்து, தண்ணீரை வடிக்காமலே தின்றனர். நண்பகலுக்குள் நால்வர் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தனர்.

மற்றவர்கள் என் வீட்டுக்கு வந்தனர். துப்பாக்கிக் கட்டையின் முதல் அடியில் என் முன்பல் தெறித்தது. கைகளிலும் அடித்து, முகாம்வரை சாலையில் இழுத்துச் சென்றனர்.

"விஷம் வெச்சது நீதானேடோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஒருவர் இறந்தாலும் எனக்குத் தூக்கு. எவரும் இறவாவிட்டாலும், நஞ்சிட்டவன் குடும்பம் என்ற பெயர் நிலைத்துவிடும்.

பின்னாலேயே ஓடிவந்த என் அண்ணன், "அது எலிக்கு நட்டதாக்கும் ஏமானே. ஒங்களத் திங்கச் சொன்னது ஆரு?" என்றார். அவர் முதுகிலும் தடி விழுந்தது.

"பானை தாருங்க. அதே கிழங்கத் தின்னு காட்டுதேன்" என்றேன்.

வீங்கிய கையால் கத்தியைப் பற்றிச் சிறிதுசிறிதாக நறுக்கினேன். மூடாமல் கொதிக்கவிட்டு, வடித்து, புதுத் தண்ணீரில் மறுபடியும் அவித்து வடித்தேன். வாயிலிருந்த இரத்தத்தோடு சேர்த்து விழுங்கினேன். மாலைவரை வெயிலில் நிறுத்திப் பார்த்தனர். எனக்கு ஒன்றும் நேரவில்லை. விழுந்தவர்களும் அதற்குள் எழுந்து உட்கார்ந்தனர்.

"செரி. கட்டில்லாத்தது எந்த வரிசை? காட்டித் தந்துட்டுப் போ" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நட்டவனுக்குத் தெரிஞ்சாப் போதும்."

அதற்குத் தனியாக அடித்துத்தான் விட்டார்கள்.

"எலே, அந்த வரிசையக் காட்டியிருந்தா இந்த அடி மிச்சமாக்கும்" என்று அண்ணன் வழிநெடுக முனகிக்கொண்டே வந்தார்.  எந்தச் செடியில் கட்டு என்று தெரியாமல், அறுவடைவரை ஒரு போலீஸ்காரரும் என் விளையில் கால் வைக்கவில்லை.