வெள்ளிக்கிழமைப் பட்டுவாடா

என் அக்காவுக்கு எங்கள் மருத்துவமனையில் 'இரும்புப்பெட்டி' என்று பெயர். நிதிப் பிரிவுக்குத் தலைவி. யாராவது புது நாற்காலி கேட்டால் பழையதன் காலை ஆட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்" என்பாள். அங்கேயே நர்ஸாக இருக்கும் எனக்கும் சலுகை கிடையாது. கூடப் பிறந்தவளாவது, ஒன்றாவது!

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரு விநோதப் பழக்கம். சலவைக்காரர், ஆக்சிஜன் சிலிண்டர்காரர் போன்ற சின்ன ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பணம் போய்விட வேண்டும். போகாமல் சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள்.

மருத்துவமனையின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் கடிந்துகொள்வார். "முதல்ல பெரிய கம்பெனிக்குக் குடும்மா. சிலிண்டர்காரர் எங்க ஓடிடப் போறாரு?"

"கம்பெனி காத்திருக்கும் சார். அவங்க வீட்டு அடுப்பு காத்திருக்காது."

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. அறுவை சிகிச்சைகள் நின்று வரவு வற்றியது. படுக்கைகளோ நிரம்பி வழிந்தன. சின்ன ஆட்களின் பணத்தை நிறுத்தச் சொன்னார் பெரிய டாக்டர். அக்கா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிவிட்டு, அதே கத்தரியோடு அவர் அறைக்குள் போனாள். உள்ளே என்ன நடந்ததோ, அந்த மாதம் அவரும் பாதிதான் வாங்கினார். பட்டுவாடா தப்பவில்லை.

"நம்ம வீட்டு அடுப்பு மட்டும் காத்திருக்குமாக்கும்" என்று அத்தான் முணுமுணுத்தார்.

ஒரு நாள் காலை, ஊரெங்கும் ஆக்சிஜன் தட்டுப்பாடு. எங்கள் வார்டின் இருப்பு மாலைவரைகூடத் தாங்காது. ஆக்சிஜன் தரும் பெரிய கம்பெனியில் போனையே எடுக்கவில்லை. சிலிண்டர்காரரிடம் ஒரு லாரி சரக்கு இருந்தது. அதற்கு வேறொரு ஆஸ்பத்திரி இரட்டை விலை பேசுவதாகச் செய்தி. நான் வார்டில் மிச்சமிருந்த சிலிண்டர்களை மறுபடியும் எண்ணினேன்.

மதியம் லாரி எங்கள் வாசலில் வந்து நின்றது. பெரிய டாக்டர் படியிறங்கி ஓடினார். "என்ன விலைன்னாலும் சொல்லுங்க!"

"பழைய விலைதான் டாக்டர்" என்றார் சிலிண்டர்காரர். "இந்தம்மா எங்களை ஒரு வாரம்கூடக் காக்க வச்சதில்ல. பணம் மெதுவா வரட்டும்."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அதெப்படி? வெள்ளிக்கிழமை வந்து வாங்கிட்டுப் போங்க. இல்லேன்னா நான் எப்படிச் சாப்பிடுறது?"

நான் வார்டுக்கு ஓடி முதல் சிலிண்டரை மாட்டினேன். அழுத்தமானியின் முள் ஏறியது. கீழே, சரக்கை இறக்குபவர்களை அக்கா விரட்டும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டது.

"யாரும்மா அது, இந்தப் போடு போடுறாங்க?" என்றார் படுக்கையிலிருந்த பெரியவர்.

"எங்க அக்கா" என்றேன், வார்டு முழுக்கக் கேட்கும்படி.